முதல் வெளிநாட்டுப் பயணமாக வியட்நாம்: எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது

வியட்நாம் போவோம் என்று வீட்டில் முடிவானதும் பலர் செய்வது ஒன்றுதான். ஏதோ ஓர் இரவு சலுகை விலையில் டிக்கெட் கண்ணில் படும், உடனே பணம் கட்டிவிடுவார்கள். அந்த மாதம் வியட்நாமின் ஹோய் ஆன் ஊரில் வெள்ளக் காலம் என்பதும், டிக்கெட்டில் போட்ட பெயர் கடவுச்சீட்டில் இருப்பது போல இல்லை என்பதும், நடுவில் இறங்கும் நாட்டுக்குத் தனியாக விசா வேண்டும் என்பதும் அதற்கு அப்புறம்தான் ஒவ்வொன்றாகத் தெரியவரும். இதில் எதுவும் பெரிய சிக்கல் இல்லை, வரிசைதான் சிக்கல். நாங்கள் தயாரானபோது இந்த வரிசையைத் தமிழில் சொல்ல ஆள் கிடைக்கவில்லை, ஒவ்வொரு தகவலையும் ஒவ்வோர் இடத்தில் தேடி எடுக்க வேண்டியிருந்தது. அதனால்தான் எழுதுகிறேன். தமிழ்நாட்டிலிருந்து, இந்தியக் கடவுச்சீட்டோடு, முகவர் இல்லாமல் சொந்தமாகத் திட்டமிட்டுப் போகிறவர்களுக்கானது இது.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

வியட்நாம் ஒல்லியாக நீண்டு கிடக்கும் நாடு. ஹனோயிலிருந்து சைகோன் என்று இன்றும் அழைக்கப்படும் ஹோ சி மின் நகரத்துக்கு ரயில் பாதை 1,726 கிலோமீட்டர். அதனால் நாடு முழுவதற்கும் ஒரே பருவம் என்று கிடையாது.

தெற்கில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வெயில், மே முதல் அக்டோபர் அல்லது நவம்பர் வரை மழை. நடுவில் இருக்கும் டா நாங், ஹோய் ஆன், ஹுவே பகுதியில் கணக்கு வேறு. நம் சென்னையைப் போலவே அங்கே பெருமழை வருவது ஆண்டின் கடைசியில்தான். அக்டோபர், நவம்பரில் ஹோய் ஆனின் பழைய தெருக்களில் படகு ஓடுவது அபூர்வம் இல்லை, 2025 அக்டோபர் இறுதியில் ஹுவேயும் ஹோய் ஆனும் மூழ்கியதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். வடக்கில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை குளிர். ஹனோயில் 15 டிகிரி என்பது சாதாரணம், சில நாள் அதற்கும் கீழே போகும். வெப்பநாடுதானே என்று பருத்திச் சட்டையோடு மட்டும் போனால் நடுங்குவீர்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை வடக்குக் கடலோரத்தில் புயல் வரலாம்.

மூன்று பகுதிகளையும் ஒரே பயணத்தில் பார்ப்பதானால் மார்ச், ஏப்ரல்தான் என் தேர்வு. பிள்ளைகளின் கோடை விடுமுறைக்காக மே மாதம்தான் முடியும் என்றால் கவலை வேண்டாம், டா நாங் பக்கம் அப்போது வறண்ட காலம், கடலும் நன்றாக இருக்கும். நாள்களை நடுப்பகுதிக்கு அதிகமாக ஒதுக்குங்கள்.

இரண்டு தேதிகளைத் தவிர்க்கப் பாருங்கள். ஒன்று, டெட் என்னும் சந்திரப் புத்தாண்டு. 2027இல் அது பிப்ரவரி 6. அதற்கு முன்னும் பின்னும் சேர்த்து ஒரு வாரத்துக்கு மேல் கடைகள் மூடிக் கிடக்கும், ரயில், உள்நாட்டு விமான டிக்கெட் எல்லாம் ஊருக்குப் போகிறவர்கள் வாங்கித் தீர்த்திருப்பார்கள். இன்னொன்று ஏப்ரல் 30, மே 1. இரண்டும் அங்கே அரசு விடுமுறை, கடற்கரை ஊர்களில் அறை விலை ஏறும்.

2. ஊர்களைக் குறையுங்கள்

முதல் பயணம் என்றால் ஆசை அதிகமாகத்தான் இருக்கும். ஆனாலும் 11, 12 நாளில் மூன்று தங்குமிடங்கள் போதும்: ஹனோய், ஹோய் ஆன் அல்லது டா நாங், ஹோ சி மின் நகரம். ஹனோயில் இருந்துகொண்டே நின் பின்னுக்கு ஒரு நாள் போய் வரலாம். அங்கே ட்ராங் ஆன் படகுச் சவாரிக்கு ஆளுக்கு 2,50,000 டோங் (வியட்நாம் பணம்) கட்டணம், இந்தப் பயணத்தில் கொடுத்த பணத்துக்கு முழு மதிப்பு கிடைத்தது என்று நான் சொல்வது இதைத்தான். ஹா லாங் விரிகுடாவில் ஓர் இரவு படகில் தங்கலாம்.

ஹா லாங் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வானிலை மோசமானால் துறைமுக அதிகாரிகள் படகுகளை நிறுத்திவிடுவார்கள். 2025 ஜூலையில் திடீர்ப் புயல்காற்றில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த இடம் அது. ரத்து என்றால் சண்டை போடாதீர்கள். அதற்குப் பதிலாக, பதிவு செய்யும்போதே வானிலையால் ரத்தானால் முழுப் பணமும் திரும்புமா என்று எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள். ஹா லாங்கை ஹனோய்ப் பகுதியின் கடைசி நாளில் வைக்க வேண்டாம். நடுவில் வைத்தால் ஒரு நாள் தள்ளிப்போட இடம் இருக்கும்.

ஹனோயிலிருந்து டா நாங்குக்கு விமானம் ஒன்றேகால் மணி நேரம் அளவுதான். ரயில் என்றால் 791 கிலோமீட்டர், ஓர் இரவு முழுக்கப் போகும். ரயில் ஆசை இருந்தால் டா நாங், ஹுவே இடையிலான பகல் ரயிலில் போங்கள். மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், ஹாய் வான் கணவாயில் மலையும் கடலும் ஜன்னலை ஒட்டியே வரும். ஹோய் ஆனில் விமான நிலையமும் இல்லை, ரயில் நிலையமும் இல்லை. டா நாங்கில் இறங்கி சுமார் 30 கிலோமீட்டர் காரில் போக வேண்டும்.

3. கடவுச்சீட்டு: தேதியை மட்டும் அல்ல, பெயரையும் பாருங்கள்

நாட்டுக்குள் நுழையும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடி இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் முதலில் புதுப்பியுங்கள், மற்ற எல்லாம் அப்புறம். பெரியவர்களுக்கு 36 பக்கக் கடவுச்சீட்டு சாதாரண முறையில் ₹1,500, தத்கால் என்றால் மொத்தம் ₹3,500. காவல்துறை சரிபார்ப்பு எப்போது முடியும் என்பது நம் கையில் இல்லை, அதனால் பயணத்துக்கு நான்கு மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள்.

இனிப் பெயர். தமிழர்களுக்கு இதுதான் பெரிய பொறி. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. கடவுச்சீட்டில் சிலருக்கு அப்பா பெயர் குடும்பப் பெயர் இடத்தில் இருக்கும், சிலருக்கு இரண்டு பெயரும் ஒரே கட்டத்தில் இருந்து மற்றக் கட்டம் காலியாக இருக்கும், ஆதாரிலும் பான் அட்டையிலும் தலைப்பெழுத்து மட்டும் இருக்கும். பயணத்துக்குக் கணக்கு கடவுச்சீட்டு மட்டுமே. ஆதாரைப் பார்த்து டிக்கெட் போடாதீர்கள்.

புகைப்படம் உள்ள பக்கத்தின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கிறதே, அதில் முதல் வரியைப் பாருங்கள். நாட்டுக் குறியீட்டுக்கு அடுத்து வருவது குடும்பப் பெயர், இரண்டு அம்புக்குறிக்குப் பிறகு வருவது உங்கள் பெயர். அந்தப் பிரிவுதான் டிக்கெட்டிலும் விசாவிலும் வர வேண்டும். குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், டிக்கெட் போடும் முன் அந்த விமான நிறுவனத்தையே கேளுங்கள். ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்பவர்களும் உண்டு, வேறு முறை சொல்பவர்களும் உண்டு. பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. டிக்கெட் போட்டபின் பெயர் திருத்தம் என்று போனால் மலிவு டிக்கெட்டுகளில் கட்டணம் கண்ணைக் கட்டும்.

4. டிக்கெட்

இரண்டரை, மூன்று மாதம் முன்பு போடுவது வசதி. ஹனோயில் இறங்கி ஹோ சி மின் நகரத்தில் ஏறுவது போல எடுங்கள், வந்த வழியே திரும்பும் ஒரு நாளும் அதன் செலவும் மிச்சம்.

கோலாலம்பூர், சிங்கப்பூர், பாங்காக் வழியாகப் போகிறவர்கள் இரண்டு பயணமும் ஒரே டிக்கெட் எண்ணில் இருக்கிறதா என்று பாருங்கள். தனித்தனி டிக்கெட் சில ஆயிரம் மலிவாக இருக்கும். ஆனால் பெட்டி அனுப்பியிருந்தால் நடுவில் குடியேற்றச் சோதனையைத் தாண்டி வெளியே போய்ப் பெட்டியை எடுத்து மறுபடி கொடுக்க வேண்டும், அதாவது அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டும். சிங்கப்பூருக்குள் நுழைய இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா தேவை. மலேசியாவில் 2026 இறுதிவரை நமக்கு விசா விலக்கு இருக்கிறது, ஆனாலும் டிஜிட்டல் வருகை அட்டையை முன்கூட்டியே நிரப்ப வேண்டும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் தனி டிக்கெட்டுக்கு யாரும் பொறுப்பில்லை. முதல் முறை போகிறவர்கள் ஒரே டிக்கெட்டாக எடுங்கள், அந்தச் சில ஆயிரத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

மலிவு விமானங்களில் கைப்பை 7 கிலோதான், வாசலிலேயே எடை போடுவார்கள். ஊறுகாய் கைப்பையில் போகாது, பெட்டியில்தான் வைக்க வேண்டும். பவர் பேங்க் நேர் எதிர், கைப்பையில் மட்டும்.

5. இ-விசா

பயணத்துக்கு மூன்று, நான்கு வாரம் முன்பு இணையத்தில் போடுங்கள். அரசுக் கட்டணம் ஒரு முறை நுழைவுக்கு 25 டாலர், பலமுறை நுழைவுக்கு 50 டாலர். 90 நாள் வரை தருவார்கள். விசா மறுத்தாலும் பணம் திரும்பாது. குழந்தைகளுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும்.

பெரிய பொறி, தேடினால் மேலே வரும் தளங்கள். பெயரிலும் தோற்றத்திலும் அரசுத் தளம் போலவே இருக்கும், கேட்பது மட்டும் 70, 80 டாலர். உண்மையான தளத்தின் முகவரி ‘ஜி ஓ வி புள்ளி வி என்’ என்று முடியும். அப்படி முடியாவிட்டால் மூடிவிடுங்கள். எங்களிடம் ஒரு முகவர் இதே விசாவுக்கு அரசுக் கட்டணத்தைப் போல மூன்று மடங்கு கேட்டார். அவர் செய்யப் போவதும் நாம் நிரப்பும் அதே படிவம்தான், அரை மணி நேர வேலை.

கையில் வேண்டியவை: கடவுச்சீட்டின் புகைப்படப் பக்கம், நான்கு மூலையும் தெரிய, வெளிச்சப் புள்ளி விழாமல் எடுத்த படம். கண்ணாடி போடாமல் வெள்ளைப் பின்னணியில் எடுத்த உங்கள் புகைப்படம். முதல் தங்குமிடத்தின் முகவரி. வெளிநாட்டுப் பரிவர்த்தனை நடக்கும் அட்டை.

முகவரியில் ஒரு குழப்பம் வரலாம். 2025 ஜூலை 1 முதல் வியட்நாமில் மாகாணங்களை 63இலிருந்து 34 ஆகக் குறைத்து, மாவட்ட நிர்வாகத்தையும் எடுத்துவிட்டார்கள். ஹோய் ஆன் இப்போது டா நாங் நகரத்தின் கீழ் வருகிறது. விடுதிகள் பழைய முகவரியையே போட்டிருக்கக்கூடும், படிவத்தில் புதிய பட்டியல் வரும். விடுதிக்கே ஒரு செய்தி அனுப்பிப் புதிய முகவரியைக் கேட்டு வாங்குங்கள்.

நிரப்பும்போது மூன்று இடத்தில் நிதானம் தேவை. ஒன்று பெயர், மேலே சொன்னதுதான். இரண்டு, நுழையும் தேதி. நம் ஊரிலிருந்து பல விமானங்கள் நள்ளிரவை ஒட்டிக் கிளம்பும், கிளம்பும் தேதி ஒன்று, இறங்கும் தேதி இன்னொன்று. விசாவில் உள்ள தேதிக்கு ஒரு மணி நேரம் முன்னால் போனாலும் உள்ளே விடமாட்டார்கள், ஒன்றிரண்டு நாள் முன்கூட்டியே தொடங்குவது போலப் போட்டுவிடுங்கள். மூன்று, நுழையும் விமான நிலையம். ஹனோய் என்றால் நோய் பாய், ஹோ சி மின் நகரம் என்றால் டான் சோன் ந்யட். டிக்கெட்டில் இருப்பதையே தேர்ந்தெடுங்கள்.

பணம் கட்டியதும் ஒரு பதிவு எண் வரும், அதைப் படம் பிடித்து வையுங்கள். மூன்று வேலை நாள் என்று தளத்தில் இருக்கும், அங்குள்ள விடுமுறைகள் அதில் சேராது. மின்னஞ்சலுக்குக் காத்திருக்காமல் அந்த எண்ணைப் போட்டு நீங்களே பாருங்கள். விசா வந்ததும் ஒவ்வோர் எழுத்தாகக் கடவுச்சீட்டோடு ஒப்பிடுங்கள். தவறு இருந்தால் மறுபடி விண்ணப்பித்து மறுபடி பணம் கட்டுவதுதான் வழி, அதற்குத்தான் மூன்று வாரம் முன்பே போடச் சொன்னேன். தாளில் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வேறு பையில் வையுங்கள்.

6. பணம்

ஒரு லட்சம் டோங் நம் பணத்தில் சுமார் ₹340 அளவு வரும், விலை ஏறி இறங்கும். கடைகளில் 50கே என்று எழுதியிருந்தால் ஐம்பதாயிரம் டோங். 20,000 டோங் தாளும் 5,00,000 டோங் தாளும் இரண்டுமே நீல நிறம். இருட்டில், அவசரத்தில் டாக்ஸிக்காரரிடம் மாற்றிக் கொடுத்துவிட்டால் ஆயிரத்து அறுநூறு ரூபாய்க்கு மேல் போகும். ஐந்து லட்சத் தாள்களைப் பணப்பையில் தனி அறையில் வையுங்கள்.

டோங்கை இங்கே தேட வேண்டாம், மடிப்பும் கறையும் இல்லாத புது டாலர் தாள்களாக வாங்கிக்கொண்டு போய் அங்கே மாற்றுங்கள். 100 டாலர் தாளுக்கு நல்ல விலை கிடைக்கும். ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரை ரொக்கமாக எடுத்துப் போகலாம். வியட்நாமில் 5,000 டாலருக்கு மேல் இருந்தால்தான் அறிவிக்க வேண்டும். அதனோடு, வெளிநாட்டுப் பணத்தை முன்பே ஏற்றி வைக்கும் ஃபாரெக்ஸ் அட்டை ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே இருக்கும், வங்கிச் செயலியில் போய்த் திறக்க வேண்டும். அதில் 3.5 சதவீதம் வரை கூடுதல் கட்டணமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் பிடிப்பார்கள். அங்கே ஏடிஎம்மோ கடை இயந்திரமோ “ரூபாயில் கட்டுகிறீர்களா” என்று கேட்டால் வேண்டாம் என்று டோங்கைத் தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைத்ததுதான் விலை.

மொத்தச் செலவு? இரண்டு பேர், 11 அல்லது 12 நாள், நடுத்தர விடுதி, ஹா லாங்கில் ஓர் இரவு, இரண்டு உள்நாட்டு விமானம் என்று வைத்தால் ஒன்றரை லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் ரூபாய்க்குள் முடிக்கலாம் என்பது என் கணக்கு. இதில் விமானமும் ஹா லாங்கும்தான் பாதிக்கு மேல். தெருவோர நூடுல் ஒரு கிண்ணம் 40,000 முதல் 70,000 டோங், அதனால் சாப்பாட்டில் சிக்கனம் பார்க்க வேண்டிய தேவையே வராது. முகவரிடம் தொகுப்பாக எடுத்தால் டிசிஎஸ் என்று வரிக்காக ஒரு தொகையை முன்கூட்டியே பிடிப்பார்கள், அது உங்கள் பான் எண்ணில் ஏறியதா என்று பார்த்து வருமானவரித் தாக்கலில் கழித்துக்கொள்ளுங்கள். பலர் இதை மறந்தே விடுகிறார்கள்.

7. சிம் அட்டையும் ஓடிபியும்

அங்கே வியட்டெல், வினாஃபோன், மொபிஃபோன் என்று மூன்று பெரிய நிறுவனங்கள். கடவுச்சீட்டைக் காட்டி விமான நிலையத்திலேயே வாங்கலாம், உங்கள் போன் ஏற்றுக்கொண்டால் கிளம்பும் முன்பே இ-சிம் போடலாம். ஆனால் இந்திய சிம்மைக் கழற்றி வீட்டில் வைத்துவிடாதீர்கள். வங்கி ஓடிபி அதற்குத்தான் வரும். ரோமிங்கை இங்கேயே திறந்துவிட்டு, அதன் இணையத்தை மட்டும் அணைத்துவிடுங்கள், குறுஞ்செய்தி வந்தால் போதும்.

8. காப்பீடும் ஸ்கூட்டரும்

பயணக் காப்பீடு ஆளுக்குச் சில நூறு முதல் ஆயிரம் சொச்சம் ரூபாய். எடுங்கள், இதில் யோசிக்கவே வேண்டாம்.

ஸ்கூட்டர் வாடகைக்கு எல்லா ஊரிலும் கிடைக்கும், யாரும் உரிமம் கேட்கக்கூட மாட்டார்கள். நம் ஆர்டிஓ அலுவலகத்தில் தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949 ஜெனீவா ஒப்பந்தத்தின்படி தருவது. வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா ஒப்பந்தத்தின்படி தரும் அனுமதியை. அதாவது நீங்கள் அனுமதி வாங்கிப் போனாலும் 50 சிசிக்கு மேல் ஓட்டினால் அங்கே உரிமம் இல்லாதவர்தான். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடும், மருத்துவமனைச் செலவு முழுவதும் உங்கள் தலையில். ஊரில் இருபது வருடம் வண்டி ஓட்டியவர்களிடமும் இதையேதான் சொல்கிறேன்: ஓட்டாதீர்கள். ஹோய் ஆனில் மிதிவண்டி போதும், மற்ற இடங்களில் நம் ஓலா, ஊபர் போன்ற கிராப் இருக்கிறது.

9. இறங்கியதும்

கிராப் செயலியை இங்கேயே இறக்கி, இந்திய எண்ணில் பதிவு செய்து வையுங்கள். நம் அட்டையை அது ஏற்காமல் போனாலும் ரொக்கமாகக் கொடுக்கலாம். நோய் பாயிலிருந்து ஹனோயின் பழைய பகுதிக்கு 86ஆம் எண் பேருந்து போகிறது, 45,000 டோங். வாசலில் கையைப் பிடித்து இழுக்கும் டாக்ஸிகளைத் தாண்டிப் போய்விடுங்கள்.

விடுதியில் கடவுச்சீட்டை வாங்கிப் பதிவு செய்வார்கள், அது அங்குள்ள சட்டம். பதிந்ததும் கேட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அங்குள்ள பிளக் பாயிண்டில் நம் தடித்த மூன்று முள் பிளக் போகாது, போன் சார்ஜரின் மெல்லிய இரண்டு முள் பெரும்பாலும் போகும். குழாய்த் தண்ணீர் குடிக்கக் கூடாது. இ-சிகரெட்டுக்கு 2025 முதல் தடை, கொண்டு போகாதீர்கள்.

10. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு

பட்டினி கிடக்க மாட்டீர்கள். ‘சாய்’ என்று பலகை போட்ட கடைகள் பௌத்தச் சைவக் கடைகள், எல்லா ஊரிலும் இருக்கின்றன. அங்கே கோழி, மீன் என்று பட்டியலில் இருந்தாலும் சோயாவில் செய்ததுதான். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அங்குள்ள பலர் சைவம் என்பதால் கூட்டம் அலைமோதும், சீக்கிரம் போங்கள். மற்றக் கடைகளில் “காய்கறி மட்டும்” என்று சொல்வது போதாது. மீன் சாற்றை நம் உப்பு மாதிரி எல்லாவற்றிலும் விடுவார்கள், குழம்பும் எலும்புச் சாறாக இருக்கும். ‘நூக் மாம்’ (அந்த மீன் சாறு) வேண்டாம் என்று வியட்நாமிய மொழியில் எழுதி போனில் வைத்துக் காட்டுங்கள். ஹோ சி மின் நகரத்தின் நடுவில், ட்ரூங் டின் தெருவில் மாரியம்மன் கோவில் ஒன்று இருக்கிறது. நம் ஆட்கள் கட்டியது, இப்போது அங்கே வந்து ஊதுவத்தி ஏற்றுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் வியட்நாமியர்கள். போய்விட்டு வாருங்கள்.

11. திரும்பும் நாள்

டான் சோன் ந்யட் எப்போதும் நெரிசல், மூன்று மணி நேரம் முன்னால் போங்கள். மீதி டோங்கைக் கடைசி நாளிலேயே செலவழித்துவிடுங்கள், அல்லது விமான நிலையத்தில் குடியேற்றத்துக்குள் போகும் முன் டாலராக மாற்றிவிடுங்கள். இங்கே கொண்டு வந்தால் வாங்குகிற கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டம், கண்டுபிடித்தாலும் விலை மிகக் குறைவாகத்தான் கொடுப்பார்கள்.